ஓடிக்கொண்டிருந்த பழைய கார் நின்று, மறுபடி கிளம்பாவிட்டால் எந்த வரிசையில் பார்ப்பது

கத்திரி வெயில் நாளொன்றில், வடசென்னையின் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ஏ.சி.யைப் போட்டபடி இருபது நிமிடம் காத்திருந்தேன். கேட் திறந்ததும் முதல் கியரில் நகர்ந்த என்னுடைய 2005ஆம் ஆண்டுப் பெட்ரோல் கார், தண்டவாளத்துக்குச் சற்று முன்பாக, ஸ்விட்சைத் தட்டி அணைத்ததுபோல நின்றுவிட்டது. பின்னால் நின்ற மீன்பாடி வண்டிக்காரரும் இரண்டு இளைஞர்களும் தள்ளி ஓரம் கட்டிக் கொடுத்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பியபோது, எதுவுமே நடக்காததுபோல வண்டி கிளம்பியது.

அடுத்த பதினோரு நாட்களில் இதே கதை மேலும் மூன்று முறை நடந்தது. பேட்டரிக்கு 4,600 ரூபாய், பெட்ரோல் பம்புக்குக் கூலியுடன் 5,200 ரூபாய், பிளக்குகளுக்கு 480 ரூபாய், இரண்டு முறை இழுவை வண்டிக்கு 3,000 ரூபாய் என்று 13,280 ரூபாய் கரைந்த பிறகுதான், பழுது 1,350 ரூபாய் விலையுள்ள ஒரு சென்சாரில் இருந்தது என்று தெரிந்தது. மாற்றிய மூன்று பொருள்களில் ஒன்றைக்கூட யாரும் சோதித்துவிட்டு மாற்றவில்லை. சோதிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. பழைய கார் ஒன்றை முதன்முறையாக வாங்கி ஓட்டுபவர்கள் இந்தச் செலவைத் தவிர்க்க வேண்டும் என்பதற்காக, நான் செய்திருக்க வேண்டிய வரிசையில் இதை எழுதுகிறேன். இது கையால் கியர் மாற்றும் பெட்ரோல் கார்களுக்கானது. டீசல் வண்டியில் தீப்பொறிக்கே வேலையில்லை என்பதால், அங்கே பாதிச் சோதனைகள் பொருந்தா.

1. முதலில் வண்டியைப் பத்திரமாக ஓரம் கட்டுங்கள்

ஓட்டத்தில் எஞ்சின் நின்றவுடன் பவர் ஸ்டியரிங் கனத்துவிடும். பிரேக்கும் இரண்டு மூன்று மிதிகளுக்குப் பிறகு கல்லாக இறுகிவிடும். பிரேக் வேலை செய்யாமல் போய்விடவில்லை, வழக்கத்தைவிட மிக அழுத்தமாக மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடாமல் ஒரே அழுத்தாக மிதித்து நிறுத்துங்கள். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது சாவியை முழுவதுமாகப் பின்னுக்குத் திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் என்பதை மறக்க வேண்டாம்.

எண்ணூர் விரைவுச் சாலையிலோ மணலி நெடுஞ்சாலையிலோ நின்றுவிட்டால், நான்கு விளக்குகளையும் மின்னவிட்டு, சிவப்பு முக்கோணத்தை நன்றாகப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, எல்லோரும் வண்டியை விட்டு இறங்கி ஓரமாக நில்லுங்கள். கன்டெய்னர் லாரியின் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு, இரவில் விளக்கில்லாமல் நிற்கும் சிறிய கார் கண்ணில் படுவது கடினம். பானெட்டைத் திறப்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

2. எப்படி நின்றது என்பதை உடனே எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு பைசா செலவில்லாத இந்த வேலைதான் எனக்கு அதிகம் பயன்பட்டிருக்க வேண்டியது. பட்டறையில் “திடீர்னு நின்னுடுச்சு” என்று மட்டும் சொன்னால், மெக்கானிக் தனக்குப் பழக்கமான பொருளில் கைவைப்பார். கைப்பேசியில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: கிளம்பி எவ்வளவு நேரத்தில் நின்றது, ஏ.சி. ஓடியதா, பெட்ரோல் முள் எங்கே இருந்தது, நிற்பதற்கு முன் இழுவை குறைந்ததா, டேஷ்போர்டில் எந்த விளக்கு எரிந்தது, எவ்வளவு நேரம் கழித்து மறுபடி கிளம்பியது.

இதிலேயே பாதி விடை இருக்கிறது. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரே நொடியில் நின்றால், பெரும்பாலும் கரண்ட் பக்கம் பாருங்கள்: இக்னிஷன் ஸ்விட்ச், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சிறு ஸ்விட்ச்), காயில் (தீப்பொறிக்கு வேண்டிய உயர் மின்அழுத்தத்தைத் தருவது), கிராங்க் சென்சார் (எஞ்சின் சுற்றுவதை உணர்ந்து சொல்வது) ஆகியவை அந்தப் பட்டியலில் வரும். இருமி, குலுங்கி, ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினால், பெட்ரோல் சரியாக வரவில்லை என்று சந்தேகிக்கலாம். பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு சிறிது நேரம் எரிந்து, முன்விளக்கு மங்கி, வைப்பர் சோம்பலாகி, அதன்பின் நின்றால், டைனமோ (ஆல்டர்னேட்டர்) பேட்டரியைச் சார்ஜ் செய்யவில்லை என்று பொருள். இந்த மூன்றாவது நிலையில் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டு வீடு திரும்புபவர்கள், புதுப் பேட்டரியும் வடிந்தவுடன் அதே சாலையில் மறுபடி நிற்பார்கள்.

வெப்பமானி முள் சிவப்புக்கோட்டைத் தொட்டு நின்றிருந்தால், கிளப்பவே முயலாதீர்கள். எஞ்சின் நன்றாக ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் கூடாது.

3. சாவியைத் திருப்பி, காதால் கேளுங்கள்

நம் ஊரில் “ஸ்டார்ட் ஆகலை” என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு பழுதுகளைக் குறிக்கிறோம். செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுற்றவே இல்லை என்பது ஒன்று. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்பது மற்றொன்று. இரண்டுக்கும் காரணங்கள் பெரும்பாலும் வெவ்வேறானவை. செல்ஃப் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறது என்றால், நிற்பதற்குக் காரணம் பேட்டரிதான் என்று சொல்லுபவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன்.

சாவியைத் திருப்பினால் எந்தச் சத்தமும் இல்லை, டேஷ்போர்டு விளக்குகளும் எரியவில்லை என்றால், பேட்டரி முனைகளை முதலில் பாருங்கள். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலையொட்டி நிறுத்தப்படும் வண்டிகளில் உப்புக்காற்றினால் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்துவிடும். எதிர்முனைக் கம்பி பாடியிலும் எஞ்சினிலும் முடுக்கப்படும் எர்த் இடங்கள் துருவேறுவது இன்னும் மோசமானது, ஏனென்றால் அது கண்ணில் படுவதில்லை. கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் வைத்துக்கொண்டு, வெந்நீரில் சமையல் சோடா கரைத்துக் கழுவி, உலர்த்தி, உப்புத்தாள் கொண்டு தேய்த்து இறுக்குங்கள்.

கடகடவென்று தொடர்ச்சியாகக் கிளிக் சத்தம் வந்தால், பேட்டரி வடிந்திருக்கிறது அல்லது முனை தளர்ந்திருக்கிறது. ஒரே ஒரு அழுத்தமான டிக் சத்தத்துடன் அடங்கி, விளக்குகளும் பிரகாசமாக இருந்தால், செல்ஃப் மோட்டாரையோ, அதை இயக்கும் ஸ்விட்சான சொலினாய்டையோ பார்க்க வேண்டும்.

நானூறு ரூபாய்க்குள் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்றை டேஷ்போர்டு அறையில் வைத்திருங்கள். சில மணி நேரம் ஓடாமல் நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12க்குக் கீழே என்றால் வடிந்துவிட்டது. செல்ஃப் சுற்றும் அந்தச் சில நொடிகளில் 9.6க்குக் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் டைனமோ நலம். இந்த மூன்று அளவுகளையும் எடுக்க ஐந்து நிமிடம் ஆகாது. என் பழைய பேட்டரியில் எடுத்துப் பார்த்திருந்தால் அந்த 4,600 ரூபாய் மிச்சம்.

சாவியோ பூட்டோ படம்போட்ட விளக்கு டேஷ்போர்டில் விடாமல் மின்னினால், வண்டி உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. இரண்டாவது சாவி வீட்டில் இருந்தால் அதை வரவழைத்து முயன்று பாருங்கள்.

4. செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை என்றால்

ஒரே மூச்சில் ஐந்து, பத்து நொடிகளுக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். ஒவ்வொரு முறைக்கும் இடையில் ஒரு நிமிடமாவது விடுங்கள். இல்லாவிட்டால் நல்ல பேட்டரியும் நல்ல செல்ஃபும் உங்கள் கையாலேயே கெடும்.

சுற்றும் சத்தம் வழக்கத்துக்கு மாறாகத் தடையே இல்லாமல், தையல் மெஷின்போல வேகமாகக் கேட்டால், உடனே நிறுத்திவிடுங்கள். டைமிங் பெல்ட் (பிஸ்டனையும் வால்வையும் ஒத்து இயங்கவைக்கும் பட்டை) அறுந்திருக்கலாம். சில எஞ்சின்களில் பெல்ட் அறுந்த நிலையில் பிஸ்டன் வால்வை இடிக்கும். மேற்கொண்டு சுற்றுவதும் தள்ளிக் கிளப்புவதும் அந்தச் சேதத்தைப் பெருக்கும். பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று பழைய உரிமையாளரிடம் பில் இல்லையென்றால், மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தம் வழக்கம்போல இருந்தால், அடுத்த கேள்வி பெட்ரோலா, தீப்பொறியா என்பதுதான். வண்டிக்குள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கண்ணாடிகளை ஏற்றி, சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியாக (கார்பரேட்டர் இல்லாமல், பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) இருந்தால், பின்சீட்டுப் பக்கமிருந்து இரண்டு மூன்று நொடி ‘உம்ம்’ என்ற பம்பின் முனகல் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பம்பு போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே. ஃபியூஸ் பெட்டியில் அதே எண் பொறித்த ஹாரன் ரிலே இருந்தால் இரண்டையும் இடம்மாற்றிப் பாருங்கள். இப்போது பம்பு முனகி, ஹாரன் அடிக்காவிட்டால், சில நூறு ரூபாய் ரிலேதான் குற்றவாளி. சில வண்டிகளில், இடிபட்டால் பெட்ரோலை நிறுத்தும் பாதுகாப்பு ஸ்விட்ச் ஒன்று கால் வைக்கும் இடத்தருகே இருக்கும். பெரிய பள்ளத்தில் இறங்கியதும் வண்டி நின்றிருந்தால் அதன் பொத்தானை அமுக்கிப் பாருங்கள்.

முனகல் கேட்டால் அழுத்தம் சரியாக இருக்கிறது என்றும் பொருளில்லை. பட்டறையில் பிரஷர் கேஜ் மாட்டிச் சோதித்து, அந்த அளவை உங்களிடம் காட்டிய பிறகு பம்பை மாற்றச் சொல்லுங்கள். பம்புக்கு முன்பாக ஃபில்டரைப் பார்ப்பதும் அவசியம். பழைய டேங்கின் அடியில் தேங்கிய துருவும் தண்ணீரும் முதலில் அடைப்பது அதைத்தான். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது என்பதாலும், பழைய ரப்பர்க் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதாலும், குழாய்களில் வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் கிளப்பும் முயற்சியை அங்கேயே நிறுத்துங்கள்.

பலமுறை செல்ஃப் அடித்ததால் பிளக்குகள் பெட்ரோலில் நனைந்திருந்தால், ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தியபடி ஒருமுறை சுற்றுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் அந்த நிலையில் பெட்ரோல் நின்று, காற்று மட்டும் உள்ளே போய்ச் சிலிண்டர் உலரும்.

தீப்பொறியைப் பொறுத்தவரை, ஆர்.பி.எம். முள் (எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டுவது) இருக்கும் வண்டிகளில் ஓர் எளிய அடையாளம் உண்டு. செல்ஃப் சுற்றும்போது அந்த முள் சற்றே எழும்ப வேண்டும். பூஜ்யத்திலேயே அசையாமல் கிடந்தால் கிராங்க் சென்சாரையோ இக்னிஷன் பக்கத்தையோ சந்தேகியுங்கள். இது பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தும், எல்லாவற்றுக்கும் அல்ல. பிளக்கைக் கழற்றி எஞ்சினில் தொடவைத்துப் பொறி பார்ப்பதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். பம்பின் ஃபியூஸைக் கழற்றாமல் அதைச் செய்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. பாயும் மின்அழுத்தமும் விளையாட்டல்ல. கார்பரேட்டர் காலத்து வண்டி என்றால், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டெல்கோவின் (டிஸ்ட்ரிபியூட்டர்) மூடியைத் திறந்து, உள்ளே வெடிப்பும் ஈரமும் இருக்கிறதா, பாயிண்ட் கருகியிருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை.

5. சூட்டில் நின்று, ஆறியதும் கிளம்பும் வண்டி

இதுதான் என் வழக்கு. ஏமாறுவதற்கு வாய்ப்பு மிகுந்ததும் இதுதான். பட்டறைக்கு வந்து சேரும்போது வண்டி ஆறி, ஒழுங்காக ஓடும். மெக்கானிக் எதையாவது மாற்றுவார். வண்டி ஓடுவதைப் பார்த்து, அந்தப் பொருள்தான் காரணம் என்று இருவரும் நம்புவோம். அடுத்த ரயில்வே கேட்டில் உண்மை தெரியும்.

கிராங்க் சென்சார் எஞ்சினோடு ஒட்டி அமர்ந்திருப்பதால், வயதானபின் சூட்டில் அதன் உள்சுருள் துண்டித்துக்கொண்டு, ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். இக்னிஷன் காயிலும் இப்படிச் செய்வதுண்டு. பழைய கார்பரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைத்துக்கொள்வது இதே அடையாளத்தைக் காட்டும். அம்பாசடர் ஓட்டுநர்கள் பம்பின்மேல் ஈரத்துணி போட்டதற்கு அதுதான் காரணம்.

ஆகவே ஆறிய வண்டியில் முடிவெடுக்க விடாதீர்கள். எனக்குக் கடைசியாக உதவிய ஆட்டோ எலக்ட்ரீஷியன், “நிக்கிற வரைக்கும் ஓடட்டும் சார், நின்னாத்தானே கேக்க முடியும்” என்று சொல்லி, கடை வாசலிலேயே ஏ.சி.யைப் போட்டு வண்டியை ஓடவிட்டார். நாற்பது நிமிடத்தில் அது நின்றது. செல்ஃப் அடித்தபோது ஆர்.பி.எம். முள் அசையவில்லை. சென்சாரின் இணைப்பைக் கழற்றி மீட்டர் வைத்தார், ஒன்றும் காட்டவில்லை. ஆறிய பிறகு வைத்தார், எண் வந்தது. இந்த மீட்டர் சோதனை, உள்ளே வெறும் கம்பிச்சுருள் மட்டும் இருக்கும் சென்சாருக்குத்தான் பொருந்தும். மற்ற வகைக்கு வேறு கருவி வேண்டும். சென்சாருக்கு 1,350, கூலி 400. அந்த முழு நாளில் அவர் வேறு எதையும் மாற்றவில்லை.

எஞ்சின் செக் விளக்கு எரிந்திருந்தால் ஸ்கேனர் போட்டுப் பிழைக் குறியீட்டை எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் பழைய வண்டிகளில் இத்தகைய பழுது குறியீடு எதையும் பதியாமல் போவதும் உண்டு. என் வண்டியில் பதியவில்லை.

6. மழைத்தண்ணீரில் நின்றால்

ஐப்பசி, கார்த்திகை மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடங்களில் தண்ணீருக்குள் வண்டி நின்றால், மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். காற்று ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், தண்ணீர் சுருங்காது என்பதால், செல்ஃப் சுற்றும் வேகத்திலேயே கனெக்டிங் ராடு (பிஸ்டனைத் தாங்கும் தண்டு) வளைந்துவிடலாம். வெளியே தள்ளி, ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பார்த்து, நனைந்திருந்தால் பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே சுற்ற வேண்டும். வழக்கமான காப்பீட்டில், தண்ணீரில் கிளப்பியதால் எஞ்சினுக்கு வந்த சேதத்துக்குப் பணம் கிடைப்பது அரிது.

தண்ணீரில் இறங்காமல், வெறும் சாரலில் மிஸ்ஸிங் ஆகி நின்றால், பிளக் கம்பிகளிலும் டெல்கோ மூடியிலும் ஈரம் ஏறியிருக்கும். உலர்ந்த துணியால் துடைத்தாலே பல வண்டிகள் கிளம்பிவிடும்.

7. இரவல் பேட்டரி, தள்ளுதல், இழுத்தல்

இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து எடுப்பதென்றால் வரிசை முக்கியம்: சிவப்புக் கம்பியை முதலில் உங்கள் நேர்முனையிலும் பிறகு அவர்களுடைய நேர்முனையிலும் மாட்டுங்கள், கறுப்பை அவர்களுடைய எதிர்முனையில் மாட்டி, மறுநுனியை உங்கள் எஞ்சினின் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியில் கடிக்கவிடுங்கள். கழற்றும்போது இதற்கு நேர்மாறு.

தள்ளிக் கிளப்புவது, செல்ஃப் எடுக்காத வண்டிக்கு மட்டுமே பயன்படும். இரண்டாம் கியரில், சாவி ஆன் நிலையில், வேகம் பிடித்ததும் கிளட்சை விடுங்கள். செல்ஃப் சுற்றியும் பிடிக்காத வண்டியைத் தள்ளுவது உதவிக்கு வந்தவர்களின் உழைப்பை வீணாக்குவதாகும்.

இழுவை வண்டிக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து மூலக்கடை வரையான தூரத்துக்கு என்னிடம் 1,500 ரூபாய் வாங்கினார்கள். ஏற்றும் முன்பே தொகையைப் பேசி முடித்து, வண்டியின் நான்கு பக்கமும், கிலோமீட்டர் எண்ணும், பெட்ரோல் முள்ளும் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாலை இருட்டியபின் நின்றால், அருகில் பத்திரமான இடம் இருக்குமானால், அங்கேயே நிறுத்திவிட்டு மறுநாள் காலை எலக்ட்ரீஷியனை அழைத்து வருவது பெரும்பாலும் மலிவு. என் இரண்டு இழுவைகளும் தேவையற்றவை. சூட்டில் நின்ற வண்டி, ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் தானாகவே ஓடியிருக்கும்.

8. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

காப்பீட்டுப் பாலிசியை இப்போதே எடுத்து, சாலையோர உதவி அதில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது தனியாகப் பணம் கட்டிச் சேர்ப்பது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருக்கும் பழைய வண்டிகளில் பொதுவாக இருக்காது. இருந்தால், அந்த எண்ணைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். பொருள் தேய்ந்து பழுதானதற்குக் காப்பீடு பணம் தராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

சொந்த உபயோகக் காருக்கு ஆர்.சி. 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் தேதி நெருங்கியிருந்தால், பெரிய செலவு செய்வதற்கு முன் பழுதுச் செலவையும் புதுப்பிக்கும் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

பேட்டரி வாங்கினால், வரிசை எண்ணும் தேதியும் எழுதி முத்திரையிட்ட வாரண்டி அட்டையை வாங்காமல் கடையை விட்டு நகராதீர்கள். “அப்புறம் வாங்கிக்கலாம் தம்பி” என்ற சொல்லை நம்பி வந்தால், அந்த அப்புறம் வராது. பட்டறையில் பொருளின் விலையையும் கூலியையும் தனித்தனியாக எழுதச் சொல்லி, கழற்றிய பழைய பொருளையும் கேட்டு வாங்குங்கள். என் பழைய பம்பை வாங்கி வைத்திருந்ததால்தான், அது நன்றாகவே இருந்தது என்று பிறகு சோதித்துத் தெரிந்துகொள்ள முடிந்தது. இப்போது அது என் டிக்கியில் உபரியாகக் கிடக்கிறது.

9. உதிரிபாகம் வாங்கும்போது

ஆர்.சி.யின் படமும் சேசிஸ் எண்ணும் கையில் இருக்கட்டும். ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு சென்சாரின் இணைப்பு மாறும். பழைய பொருளை எடுத்துச் சென்று பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குவதே நல்லது. அண்ணா சாலையருகே ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் புதியவை கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமையை நம்ப வேண்டாம். எலக்ட்ரிகல் பொருளைப் பெரும்பாலான கடைகளில் திரும்ப எடுக்கமாட்டார்கள் என்பதால், ‘மாட்டிப் பார்த்துச் சொல்கிறேன்’ என்ற பேச்சுக்கு இடமில்லை. புதுப்பேட்டையில் கழற்றிய பழைய பொருள்கள் மலிவுதான். கதவுக் கைப்பிடி, கண்ணாடி, விளக்கு போன்றவற்றுக்கு நானே அங்கே போகிறேன். சென்சார், பம்பு, காயில் மூன்றையும் அங்கே வாங்காதீர்கள். உங்கள் வண்டியில் கெட்டுப்போன அதே வயதுள்ள பொருளையே மறுபடி மாட்டுவீர்கள்.

10. பணத்தை முழுவதும் கொடுப்பதற்கு முன்

வண்டி எந்த நிலையில் நின்றதோ அதே நிலையில் சோதித்துப் பாருங்கள். சூட்டில் நின்றது என்றால், மதியம் இரண்டு மணிக்கு, ஏ.சி.யைப் போட்டு, நின்ற இடத்திலேயே நாற்பது நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கிளப்புங்கள். அணைத்தபின் எஞ்சினருகே சூடு சற்று ஏறும் என்பதால், அந்த ஐந்து நிமிட இடைவெளிதான் கடினமான சோதனை. பெட்ரோலுக்கு ஆகும் பணத்தை நீங்களே கொடுத்துவிடுங்கள். அப்போது பட்டறைக்காரருக்கும் மனத்தாங்கல் இருக்காது. நான் அதற்கும் மேலே ஒன்று செய்தேன். கூலியில் 200 ரூபாயை நிறுத்திவைத்து, எலக்ட்ரீஷியனையே பக்கத்தில் உட்காரவைத்து, கொருக்குப்பேட்டை கேட்டில் ஒரு சரக்கு ரயில் முழுதாகப் போகும்வரை ஏ.சி.யுடன் காத்திருந்தேன். கேட் திறந்தது, வண்டி நகர்ந்தது. மறுபக்கம் டீக்கடையில் அந்த 200 ரூபாயைக் கொடுத்தேன்.